ஆய்வகம் வந்த அயலூர் எலிகள்

வெளியூர்ப் பண்ணையிலிருந்து பெட்டிகளில் வந்திறங்கிய வெள்ளை எலிகளைத் தரமணியில் ஓர் ஆய்வகத்தில் கண்டேன். "இன்றே சோதனை தொடங்குமா, ஐயா?" என்று கேட்டேன். பொறுப்பாளர் சிரித்தார். "மாப்பிள்ளை வீட்டார் வண்டியை விட்டு இறங்கியதுமே முகூர்த்தமா, தம்பி?" என்றார்.

பிறகு விளக்கினார். பயணக் களைப்பால் எலியின் இதயத் துடிப்பும் இரத்தத்திலுள்ள ஹார்மோன் அளவும் மாறியிருக்கும். அந்நிலையில் சோதித்தால் தெரிவது மருந்தின் விளைவா, பயணத்தின் விளைவா என்று பிரித்தறிய முடியாது. மேலும், நலமாகத் தோன்றும் எலியும் நோய்க்கிருமியைச் சுமந்து வரலாம். அது பழைய எலிகளோடு சேர்ந்தால் பல்லாண்டு உழைப்பு பாழ். பல உயிர்கள் வீண்!

ஆகவே எலி போன்ற சிறு பிராணிகளைக் குறைந்தது ஒரு வாரம் தனியறையில் வைக்கிறார்கள். நாய், குரங்கு எனில் ஆறு வாரம் வரை. பணியாளரும் பழைய எலிகளைக் கவனித்த பின்பே புதியவற்றிடம் செல்வார், முறை மாறுவதில்லை.

எங்கிருந்து வாங்குவது என்பதற்கும் சட்டம் உண்டு. கலாக்ஷேத்திரத்தை நிறுவிய அடையாறு ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் எடுத்த முயற்சியின் பயனாக, 1960இல் பிராணிவதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. அதன்கீழ் 1998இல் வந்த விதிகள், பதிவு பெற்ற பண்ணைகளிலிருந்து வாங்குமாறு பணிக்கின்றன.

நண்பர்களே, அந்த ஒரு வாரம் காலவிரயமன்று. நமக்காக உயிர் தரும் சிற்றுயிருக்கு நாம் செய்யும் முதல் மரியாதை அது. அறிவியலின் உண்மைக்கும் அதுவே காவல்.