பெயின்டை உரித்தால் தகடு ஏன் நெளிகிறது?

ஒரு பழைய அம்பாசடர் காரின் மட்கார்டில் பெயின்ட் பெயர்ந்திருக்கும் இடத்தை உற்றுப் பாருங்கள். அதன் ஓரத்தை வாட்டர் பேப்பரால் சற்றே தேய்த்தால், அறுத்த மரத்தில் தெரியும் வளையங்களைப் போல நிறநிறமான வளையங்கள் தோன்றும். மேலே வெள்ளை, அதற்கடியில் கறுப்பு, பிறகு சாம்பல் நிறப் பட்டி, அதற்கும் கீழே செங்காவி நிறப் பிரைமர், கடைசியில் பளபளக்கும் எஃகுத் தகடு. கார் எத்தனை முறை நிறம் மாறியது, எங்கே அடிபட்டது என்பதையெல்லாம் இவ்வளையங்களே சொல்லிவிடும்.

அம்பாசடர் உற்பத்தி 2014-ஆம் ஆண்டில் நின்றுபோயிற்று. இன்று அதைப் புதுப்பிக்க விரும்புகிறவர், பழைய அடுக்குகளை நீக்கி வெறுந்தகட்டைக் கண்ணால் பார்த்தாக வேண்டும். பட்டிக்கு அடியில் துரு எவ்வளவு தின்றிருக்கிறது என்பது வேறெப்படித் தெரியும்? மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரின் வழிவந்த இவ்வண்டிக்கு, லாரிக்கு இருப்பது போலத் தனிச் சட்டம் கிடையாது. உடலே பளுவையும் தாங்குகிறது. எனவே துருவை மூடி மறைப்பது அழகுப் பிரச்சினை மட்டுமல்ல, உயிர்ப் பிரச்சினையுமாகும்.

ஆனால் பெயின்டை நீக்கியபின் பானெட்டும் கூரையும் அலை அலையாக நெளிந்திருப்பதைப் பலர் கண்டிருக்கிறார்கள். ஏன் இப்படி? பெயின்ட் எவ்வாறு உரிகிறது என்பதைப் பார்த்தால் இதற்கும் விடை கிடைக்கும்.

முதலில் ஓர் எளிய சோதனை. தின்னரில் நனைத்த துணியைப் பெயின்டின் மேல் சில நிமிடம் வைத்துத் துடையுங்கள். நிறம் கரைந்து துணியில் ஏறினால் அது நைட்ரோசெல்லுலோஸ் வகை. நம் ஊரில் டியூகோ என்று சொல்லப்படுவது. இவ்வகைப் பெயின்ட், தின்னர் ஆவியாகிப் போவதாலேயே உலர்கிறது. மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து கொள்வதில்லை. ஆகவே மீண்டும் தின்னரைக் கண்டதும் கரைந்துவிடும். எனாமல் அப்படியன்று. அது காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று, மூலக்கூறுகளுக்கிடையே குறுக்குப் பிணைப்புகளை உண்டாக்கிக்கொண்டு வலைபோல் இறுகிவிடுகிறது. வலையைக் கரைக்க முடியாது, ஊற வைக்கலாம்.

கடையில் கிடைத்துவந்த பெயின்ட் ரிமூவரில் நெடுங்காலமாக முக்கியப் பொருளாக இருந்தது டைகுளோரோமீத்தேன். அதன் மூலக்கூறு மிகச் சிறியது. அது வலைக்கண்களின் வழியே புகுந்து பெயின்டை உப்பச் செய்கிறது. உப்பிய பெயின்ட் பக்கவாட்டில் விரிய முயல்கிறது; அடியில் தகடோ விடாமல் பிடித்திருக்கிறது. விரியவும் இடமில்லை, சும்மா இருக்கவும் முடியவில்லை என்றால் என்ன செய்யும்? மேல்நோக்கிப் புடைத்துச் சுருக்கம் சுருக்கமாக எழுந்து, தகட்டை விட்டுப் பெயர்ந்துவிடும். பசை தடவிய சுவரொட்டி ஈரத்தில் விரிந்து சுவரில் புடைத்து நிற்பதைப் பார்த்திருப்பீர்களே, அதே கதைதான். பெயின்டை உரிப்பது இந்த ‘அடைபட்ட விரிவு’. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரிமூவரில் சிறிது மெழுகும் கலந்திருக்கும். அது மேலே மிதந்து படலமாகி, ஆவியாதலைத் தடுக்கும். எனவே தடித்த பூச்சாக ஒரே முறை பூசிவிட்டுக் காத்திருக்க வேண்டும். திரும்பத் திரும்பப் பிரஷ்ஷை ஓட்டினால் படலம் கிழிந்து, மருந்து வீணாகும்.

வீணாவதோடு போனால் பரவாயில்லை. டைகுளோரோமீத்தேன் 40 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கும். கோடைப் பகலில் நம் பட்டறைகளின் வெப்பம் அதற்கு வெகு அருகில் அல்லவா இருக்கிறது! அதன் ஆவி காற்றைப் போல் ஏறத்தாழ 3 மடங்கு கனமானது. ஆகவே தாழ்ந்த இடங்களிலும், காரின் உட்புறத்திலும் தேங்கி நிற்கும். உடலுக்குள் சென்றால், அதன் ஒரு பகுதி கார்பன் மோனாக்சைடாக மாறி இரத்தத்தின் ஆக்சிஜன் சுமக்கும் திறனைப் பறிக்கிறது. அளவு மிகுந்தால் மயக்கமும் மரணமும் நேரும். மூக்கில் கட்டும் கைக்குட்டை தூசியை ஓரளவு தடுக்கலாம், ஆவியைத் தடுக்காது. அமெரிக்காவில் இப்பொருள் அடங்கிய ரிமூவரைப் பொதுமக்களுக்கு விற்பது 2019-இல் தடை செய்யப்பட்டது. பென்சைல் ஆல்கஹால் அடங்கிய மாற்று மருந்துகள் உண்டு. அவை மெதுவாக வேலை செய்யும்; இந்த விஷயத்தில் மெதுவே மேல் என்பேன்.

இனி, வெப்பத்துக்கு வருவோம். ஊதுவிளக்கால் பெயின்டைப் பொசுக்கிச் சுரண்டுவது பழைய வழக்கம். பெயின்ட் இளகும், ஆனால் அடியிலுள்ள சுமார் 1 மி.மீ. கனமே உள்ள தகட்டின் கதி என்ன? எஃகின் நீள்விரிவுக் குணகம் டிகிரிக்கு 0.000012. மென்னெஃகு ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு திரிபு வரைதான் மீட்சியுடன் இருக்கும். 0.001-ஐ 0.000012-ஆல் வகுத்தால் வருவது 83. அதாவது, ஒரு சிறு வட்டத்தை மட்டும் சுற்றுப்புறத்தைவிடச் சுமார் 83 டிகிரி அதிகமாகச் சூடேற்றி, அது விரிய முடியாதபடி முற்றிலும் அடைத்து வைத்தால், எஃகு தன் மீட்சி எல்லையை எட்டிவிடும்! (தேர்வில் இக்கணக்கை ரயில் தண்டவாளத்துக்குத்தான் கேட்பார்கள்.) சுடர் தருவதோ பல நூறு டிகிரி. சூடேறிய வட்டம் விரிய முயல, சுற்றியுள்ள குளிர்ந்த தகடு அதை நெருக்க, அது அங்கேயே தடித்து நசுங்கிவிடுகிறது. ஆறியபின் பழைய அளவுக்கு நீள்வதில்லை. சுருங்கி, சுற்றுப்புறத்தை இழுத்து நெளிய வைக்கிறது. பெயின்டை உரித்த அதே அடைபட்ட விரிவு இப்போது தகட்டையே கெடுக்கிறது. கைதேர்ந்த டிங்கர்கள், அடிபட்டு நீண்டுபோன தகட்டைச் சூடாக்கி ஈரத்துணியால் அணைத்துச் சுருக்குவதும் இதே தத்துவத்தால்தான்.

பழைய பெயின்டில் ஈயச் சேர்மங்கள் இருக்கலாம், குறிப்பாக மஞ்சள், ஆரஞ்சு நிறங்களில். பொசுக்கினால் அது புகையாகும். உலர்ந்த நிலையில் தேய்த்தால் தூசியாகும். ஈரப்படுத்தித் தேய்ப்பதே நல்லது.

மூன்றாவது வழி, அழுத்தக் காற்றுடன் மணலைப் பீச்சுவது. உராய்வுச் சூட்டால் தகடு நெளிகிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் தகட்டைத் தொட்டுப் பாருங்கள், அவ்வளவு சூடு இருக்காது. குற்றவாளி வேறு. கன்னார் பித்தளைத் தகட்டைத் தட்டித் தட்டிக் குடமாக்குவதை எண்ணிப் பாருங்கள். ஒவ்வோர் அடியிலும் உலோகம் நசுங்கிப் பக்கவாட்டில் பரவுகிறது. ஒவ்வொரு மணலும் ஒரு குட்டிச் சுத்தியல்தான். மேற்பரப்பு பரவ முயல்கிறது, அடிப்பகுதி தடுக்கிறது. தகடு அடிபட்ட பக்கமாகப் புடைக்கிறது. சூடுதான் காரணமென்றால், ஆறிய பின் அந்தப் பக்கம் சுருங்கி, பொதுவாக எதிர்த்திசையில் அல்லவா வளைந்திருக்க வேண்டும்? ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் ஜான் ஆல்மென், 1940-களில் இந்த வளைவையே ஓர் அளவுகோலாக்கினார். மெல்லிய எஃகுப் பட்டையை ஒரு பாளத்தில் திருகி, ஒரு பக்கம் மட்டும் குண்டுமணிகளைப் பீச்சி, கழற்றியபின் எவ்வளவு வளைந்திருக்கிறது என்று அளப்பார்கள். தாக்குதலின் கடுமை அதிலிருந்து தெரியும்.

பரவல் மிகச் சிறியதுதானே என்று நினைக்கலாம். 1 மீட்டர் அகலமுள்ள பானெட் வெறும் 0.1 மி.மீ. நீண்டு, இரு ஓரங்களும் நகரவில்லை என்று கொள்வோம். நடுவில் கூரைபோல் எழுந்ததாக வைத்துப் பைதாகரஸ் தேற்றத்தைப் போட்டுப் பாருங்கள்: கர்ணம் 500.05, அடி 500, உயரம் சுமார் 7 மி.மீ.! மறைக்கப் பட்டிதான் பூச வேண்டும். எதை நீக்கினோமோ அதுவே திரும்பி வரும்.

மணலுக்கு இன்னொரு கொடுமை உண்டு. குவார்ட்ஸ் துகள் மோதியதும் நொறுங்கி, கண்ணுக்குத் தெரியாத தூளாகி, நுரையீரலின் அடிவரை செல்கிறது. அதனால் வரும் சிலிகோசிஸ் நோய்க்கு நுரையீரலைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் மருந்து இல்லை. பிரிட்டனில் 1949-ஆம் ஆண்டு விதிகளே இவ்வேலைக்கு மணலைத் தடை செய்தன.

அடைபட்ட விரிவு பெயின்டை உரிக்குமானால், அடைபட்ட சுருக்கமும் உரிக்க வேண்டுமே? உரிக்கிறது. நியூயார்க்கின் சுதந்திர தேவி சிலையை 1980-களில் புதுப்பித்தபோது, உட்புறப் பெயின்டின் மேல் மைனஸ் 196 டிகிரியிலுள்ள திரவ நைட்ரஜனைப் பீச்சினார்கள். பெயின்ட் செம்பைவிட மிகுதியாகச் சுருங்கி, வெடித்து உதிர்ந்தது. அதற்கடியிலிருந்த தாரைச் சமையல் சோடாத் தூளைப் பீச்சி அகற்றினார்கள். மோஸ் அளவில் சோடாவின் கடினம் சுமார் 2.5, குவார்ட்ஸ் 7. மெதுவான தூள் தகட்டைச் சம்மட்டியாக அடிப்பதில்லை. காருக்கும் சோடா ஏற்றதே. நைட்ரஜன் வேண்டாம், அக்குளிரில் மென்னெஃகு நொறுங்கும் தன்மை பெற்றுவிடும்.

என் யோசனை இது: பானெட், கூரை, கதவு போன்ற அகன்ற தகடுகளுக்கு மருந்தும் கைத்தேய்ப்பும், மூலை முடுக்குகளுக்கும் தடித்த பாகங்களுக்கும் வேண்டுமானால் பீச்சுதல். சோடாத் தூளானாலும் மருந்தானாலும், இணைப்பு இடுக்குகளில் தங்கினால் புதுப் பெயின்ட் ஒட்டாது. எனவே நன்கு கழுவித் துடைத்து, உடனே உலர்த்த வேண்டும். ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினால் வெற்று எஃகில் துரு விரைந்து ஏறும். கடலோர ஊர்களில் காலையில் உரித்த தகடு மாலையில் பழுப்பேறலாம். பிரைமர் டப்பாவை அன்றே திறக்கத் தயாராக வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.