விளக்கு எரிந்ததும் வீட்டுக்கு

அறுபதைத் தாண்டிய பிரிட்டிஷ்காரர் யாரிடமாவது, "சின்ன வயசுல எப்படி இருந்தீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். ஊர் மாறினாலும் வசதி மாறினாலும் ஏறக்குறைய ஒரே கதைதான் வரும். காலையில் ரொட்டியைத் தின்றுவிட்டு வெளியே போனோம், தெருவிளக்கு எரிந்ததும் வீடு திரும்பினோம். நடுவில் எங்கே இருந்தோம் என்று அம்மாவுக்குத் தெரியாது, அம்மா கேட்டதும் இல்லை.

வயதானவர்கள் எல்லா நாட்டிலும் சொல்வதுதானே என்று தள்ளிவிடத் தோன்றும். ஆனால் இந்தக் கதையில் நாடாப் போட்டு அளக்கக்கூடிய சங்கதி ஒன்று இருக்கிறது: தூரம். ஷெஃபீல்ட் நகரத்துக் குடும்பம் ஒன்றின் நான்கு தலைமுறைகளை 2007-ல் அப்படி அளந்தார்கள். எட்டு வயதில் யார் எதுவரை தனியாகப் போனார்கள் என்பதுதான் கேள்வி. 1926-ல் கொள்ளுத்தாத்தா மீன்பிடிக்க 6 மைல் நடந்தார். 1950-ல் தாத்தாவுக்கு 1 மைல், பக்கத்துக் காடு வரை. 1979-ல் அம்மாவுக்கு அரை மைல், நீச்சல்குளம் வரை. 2007-ல் பையனுக்கு 300 கஜம். தெருக்கோடியோடு சரி.

ஒரே குடும்பம், ஒரே நகரம், எண்பது ஆண்டுகள். பிரிட்டிஷ் குழந்தைப்பருவம் பற்றிய ஏக்கங்களை எல்லாம் கூட்டிப் பெருக்கினால் கடைசியில் நிற்பது இந்த 6 மைலுக்கும் 300 கஜத்துக்கும் இடைப்பட்ட தூரம்தான் என்பது என் கணக்கு.

அந்தத் தூரம் எப்படிக் கிடைத்தது? அன்றைய பெற்றோர் பிள்ளைகளை நம்பினார்கள், தைரியசாலிகளாக வளர்த்தார்கள் என்று இப்போது பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். உண்மை அவ்வளவு உயர்வானது இல்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய தொழிலாளர் தெரு என்பது ஒட்டி ஒட்டி நின்ற செங்கல் வீடுகளின் வரிசை. மாடியில் இரண்டு அறை, கீழே இரண்டு அறை, கொல்லையில் கழிப்பறை. வாரம் ஒருமுறை அடுப்பங்கரையில் தகரத் தொட்டியில் வெந்நீர் ஊற்றி வீட்டார் ஒருவர் பின் ஒருவராகக் குளித்தார்கள், பெரும்பாலும் அதே நீரில். ஐந்தாறு பேர் அடைந்து கிடந்த வீட்டில், திங்கட்கிழமை துணி துவைக்கும் அம்மாவின் காலைச் சுற்றிப் பிள்ளைகள் வந்தால் என்ன சொல்வாள்? "வெளியே போய்த் தொலை!" சுதந்திரம் பாதி இப்படி வந்ததுதான். அதிலும் பெண்பிள்ளைகளுக்குக் குறைவு. வெளியே போகும்போது தம்பியையோ தங்கையையோ தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகவேண்டும். காடு மேடெல்லாம் சுற்றிய கதைகளை அதிகம் சொல்பவர்கள் ஆண்கள் என்பதைக் கவனித்திருக்கிறீர்களா?

மறுபாதியைக் கொடுத்தது காலித் தெரு. 1950-ல் பிரிட்டன் முழுவதற்கும் சுமார் 20 லட்சம் கார்கள்தான். தொழிலாளர் தெருக்கள் பலவற்றில் ஒன்றுகூடக் கிடையாது. பால் வண்டியும் நிலக்கரி வண்டியும் வந்து போகும். 1938-ல் போட்ட சட்டம் ஒன்று, உள்ளூராட்சி விரும்பினால் சில தெருக்களைப் பிள்ளைகள் விளையாடுவதற்கென்றே ஒதுக்கலாம் என்றது. அறுபதுகளின் தொடக்கத்தில் அப்படி எழுநூறுக்கும் மேற்பட்ட தெருக்கள் இருந்தன. போதாததற்கு, ஜெர்மன் விமானங்கள் குண்டுபோட்டு இடித்துவிட்டுப் போன இடங்கள். பாதிச் சுவர், கூரையில்லாத அறை, புதர் மண்டிய நிலவறை. லண்டனிலும் ஹல்லிலும் கவென்ட்ரியிலும் ஒரு தலைமுறைக்கே அவைதான் மைதானம். கீழே வெடிக்காத குண்டு கிடக்கலாம் என்று எச்சரிப்பார்கள். அது போதாதா, இன்னும் உற்சாகமாக உள்ளே போவதற்கு?

இலையுதிர் காலம் வந்தால் 'கான்கர்'. குதிரைச் செஸ்ட்நட் மரத்தின் பழுப்புக் கொட்டையைத் துளையிட்டுக் கயிற்றில் கோத்து, எதிராளியின் கொட்டையை ஓங்கி அடிக்கவேண்டும். எது உடைகிறதோ அது தோற்றது. உடைத்த கொட்டைக்குக் கணக்கு உண்டு. மூன்றை உடைத்தது 'த்ரீயர்'. அதை நீங்கள் உடைத்தால் அதன் மூன்றும் உங்கள் கணக்கில் சேரும். கொட்டையை வினிகரில் ஊறவைப்பார்கள், அடுப்பில் சுடுவார்கள், அடுத்த ஆண்டு வரை இழுப்பறையில் பூட்டிக் காயவைப்பார்கள். எல்லாமே கள்ளாட்டம், எல்லோரும் செய்ததும் அதுதான். பம்பரத்தில் ஆக்கர் வாங்கியவர்களுக்கு இந்த வெறி புரியும்.

பிள்ளைகளின் விளையாட்டெல்லாம் அழிந்துவிட்டது என்று அந்தக் காலத்திலேயே பெரியவர்கள் புலம்பினார்கள். அயோனா ஓபி, பீட்டர் ஓபி என்ற தம்பதி அதை நம்பவில்லை. பல்கலைக்கழகப் பதவி ஏதும் இல்லாத இருவரும் சுமார் 70 பள்ளிகளின் 5,000 பிள்ளைகளிடமிருந்து பாட்டு, விடுகதை, வசவு, சபதம் என்று திரட்டி, 1959-ல் ஒரு தடித்த புத்தகமாகப் போட்டார்கள். ஓடிப்பிடித்து விளையாடும்போது மூச்சு வாங்கினால் விரலைக் குறுக்கே பின்னிக்கொண்டு ஒரு சொல்லைச் சொல்வார்கள், சொன்னவனைத் தொடக்கூடாது. லண்டனில் அது 'ஃபெயினைட்ஸ்', ஸ்காட்லாந்தில் 'பார்லி', டர்ஹாம் பக்கம் 'ஸ்கின்ச்'. எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத இந்தச் சட்டத்தை எட்டு வயதுக்காரன் ஆறு வயதுக்காரனுக்குச் சொல்லி, தலைமுறை தலைமுறையாகக் கடத்தியிருக்கிறார்கள். பெரியவர்கள் பக்கத்தில் இல்லாததால்தான் அது நடந்தது.

இனி தின்பண்டம். நம் ஊரில் ஆங்கில வழிப் பள்ளி நூலகத்தில் எனிட் பிளைட்டன் படித்து வளர்ந்தவர்களுக்கு, வாழாத ஒரு பிரிட்டிஷ் குழந்தைப்பருவம் நினைவில் தங்கியிருக்கும். நான்கு பிள்ளைகளும் ஒரு நாயும் கூடையைத் திறந்தால் கேக், ஹாம், இஞ்சி பியர் என்று வந்துகொண்டே இருக்கும். 'ஃபேமஸ் ஃபைவ்' வரிசையின் முதல் புத்தகம் வந்தது 1942-ல். அதே ஆண்டு ஜூலையில்தான் பிரிட்டனில் மிட்டாயும் சாக்லேட்டும் ரேஷனுக்குப் போயின. முட்டை, வெண்ணெய், சர்க்கரை, இறைச்சி எல்லாம் ஏற்கெனவே ரேஷன். அந்தக் கூடையைப் படித்து நாம் மட்டுமா எச்சில் ஊறினோம்? லண்டன் பிள்ளைகளும்தான்!

போர் 1945-ல் முடிந்தும் ரேஷன் முடியவில்லை. 1949 ஏப்ரலில் மிட்டாயை விடுவித்துப் பார்த்தார்கள். கடைகள் காலியாகிவிடவே, ஆகஸ்டில் மறுபடி கூப்பன். கடைசியில் 1953 பிப்ரவரி 5 அன்றுதான் விட்டார்கள். கண்ணாடி ஜாடியிலிருந்து அள்ளித் தராசில் நிறுத்து, காகிதப் பையில் சுருட்டிக் கொடுக்கும் கால் பவுண்டு மிட்டாயைப் பற்றி அந்தத் தலைமுறை இன்றும் உருகுவதற்குக் காரணம் மிட்டாயின் ருசி மட்டுமில்லை. 1949-ன் அந்தச் சில மாதங்கள் தவிர, பத்து வயது வரை கூப்பன் இல்லாமல் மிட்டாய் வாங்கியிராத பிள்ளைகள் அவர்கள்.

வாழைப்பழக் கதை இன்னும் மோசம். 1940-ல் இறக்குமதியை நிறுத்தினார்கள். பெட்டிக்கடை வாசலில் தார் தொங்கும் நாட்டில் இருந்துகொண்டு, ஐந்து வயது வரை வாழைப்பழத்தைக் கண்ணால் பார்க்காத பிள்ளையைக் கற்பனை செய்வது கஷ்டம். போருக்குப் பிந்தைய முதல் கப்பல் பிரிஸ்டல் அருகே ஏவன்மவுத் துறைமுகத்துக்கு 1945 டிசம்பரில் வந்தது. பழம் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கப்பட்டது. நாவலாசிரியர் ஈவ்லின் வா வீட்டுக்கு மூன்று பிள்ளைகளுக்காக மூன்று பழம் வந்தது. மூன்றையும் அப்பா தன் தட்டில் வைத்து, பாலேடும் சர்க்கரையும் போட்டு, பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க ஒரே அமர்வில் தின்று தீர்த்தார். இதை எழுதிவைத்தவர் மூத்த மகன் ஆபரன் வா. ஒழுக்கம் பற்றி அப்பா சொன்ன எதையும் அதன் பிறகு தான் பெரிதாக மதிக்கவில்லை என்கிறார். பல பத்தாண்டுகள் கழித்தும் ஆறாத வாழைப்பழம்!

அதே அரசு பாலும் கொடுத்தது. 1946-லிருந்து பள்ளிப் பிள்ளைகள் அனைவருக்கும் நாளுக்கு மூன்றில் ஒரு பைன்ட் பால், ஏறக்குறைய 190 மில்லி, இலவசம். குளிர்காலத்தில் பால் உறைந்து அலுமினிய மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கும். ஆசிரியை அதைச் சூடேற்றும் குழாய் பக்கத்தில் வைக்க, வெதுவெதுவென்று குமட்டும் பதத்துக்கு வரும். அந்தப் பாலை ரசித்துக் குடித்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. 1971-ல் ஏழு வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் பாலை நிறுத்தியவர் அப்போதைய கல்வி அமைச்சர் மார்கரெட் தாட்சர். 'பால் பறித்தவர்' என்ற பட்டம் சாகும்வரை அவரை விடவில்லை. குடிக்க வெறுத்தவர்களே அதைப் பறித்ததற்கும் கோபப்பட்டார்கள்.

ஏக்கக் கதைகளில் சட்டென்று கடந்துபோகும் இடம் பள்ளி. இங்கிலாந்தில் பிரம்பு, ஸ்காட்லாந்தில் நுனி பிளந்த தோல்வார். அந்த வாருக்கு ஃபைஃப் பகுதியின் லோகெல்லி என்ற சிற்றூர் பெயர்போனது. அரசுப் பள்ளிகளில் அடியை ஒழிக்கும் தீர்மானம் 1986-ல் மக்களவையில் 231-க்கு 230 என்று ஒரே ஒரு ஓட்டில்தான் தப்பித்தது. அதைவிட ஆழமாக அடித்தது 'லெவன் பிளஸ்' தேர்வு. பத்துப் பதினோரு வயதில் ஒரு தேர்வு; தேறிய நான்கில் ஒருவருக்கு 'கிராமர்' பள்ளி, பல்கலைக்கழகம் போகும் வழி. மற்றவர்களுக்குப் பதினைந்து வயதில் ஆலையோ கடையோ. ஒரே வீட்டில் அக்காவுக்கு ஒரு சீருடை, தம்பிக்கு வேறு சீருடை. எழுபது வயதில்கூட அந்தத் தேர்வில் தவறியதைக் குரல் தாழ்த்திச் சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரு கிடைக்கவும் இல்லை. அறுபதுகளில் மேற்கு லண்டன் சௌத்தாலில் பஞ்சாபிப் பிள்ளைகள் பள்ளியில் கூடிவிட்டார்கள் என்று வெள்ளைக்காரப் பெற்றோர் முறையிட, ஒரு பள்ளியில் குடியேறியோர் பிள்ளைகள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம் என்று அரசு சொன்னது. மிச்சப் பேரை பஸ்ஸில் ஏற்றி வேறு பகுதிப் பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். எண்பதுகளின் தொடக்கம் வரை இது நடந்தது. வெள்ளைக்காரப் பிள்ளைகளை யாரும் எதிர்த்திசையில் ஏற்றவில்லை. பஞ்சாபிப் பிள்ளைகளும் தினமும் பல மைல் போனார்கள்தான். பள்ளி விட்டதும் பஸ்ஸைப் பிடிக்க ஓடவேண்டும், வகுப்புத் தோழனோடு விளையாட நேரமில்லை.

சரி, அந்தத் தூரம் எங்கே போயிற்று? "இப்போ உலகம் கெட்டுப்போச்சு, பிள்ளை பிடிக்கிறவன் வந்துட்டான்" என்பதுதான் வழக்கமான பதில். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. மான்செஸ்டர் பக்கம் ஐந்து பேர், பத்து முதல் பதினேழு வயது வரையிலான சிறுவர் சிறுமியர், கொல்லப்பட்ட மூர்ஸ் கொலைகள் நடந்தது 1963 முதல் 1965 வரை. நாடே நடுங்கியது. ஆனாலும் 1971-ல் இங்கிலாந்தின் ஏழு, எட்டு வயதுப் பிள்ளைகளில் 80 சதவீதம் பேர் பெரியவர் துணையின்றிப் பள்ளி போனார்கள். 1990-ல் அது 9 சதவீதம். இதைக் கணக்கெடுத்த ஆய்வாளர் மேயர் ஹில்மன் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியது காரை. 1950-ன் 20 லட்சம் கார் 1970-ல் ஏறக்குறைய 1 கோடியாகியிருந்தது. சாலையில் சாகும் பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்ததை அரசு சாதனையாகக் காட்டியபோது, சாலை பாதுகாப்பாகிவிடவில்லை, பிள்ளைகளைச் சாலையிலிருந்து அப்புறப்படுத்திவிட்டீர்கள் என்றார் அவர்.

கார் மட்டுமல்ல, வீடும் மாறியது. இடித்த வரிசை வீடுகளுக்குப் பதில் அடுக்குமாடிகள் எழுந்தன. கிளாஸ்கோவில் அம்மாக்கள் ஜாம் தடவிய ரொட்டியைச் சன்னலிலிருந்து தெருவில் ஆடும் பிள்ளைக்கு வீசுவார்கள். இருபதாவது மாடிக்குக் குடிபோன பிறகு எப்படி வீசுவது? ஆடம் மக்நாட்டன் என்ற பாடகர் அறுபதுகளில் இதை வைத்தே ஒரு வேடிக்கைப் பாட்டு கட்டினார். இன்றைக்கும் ஸ்காட்லாந்துக்காரர்கள் அதைச் சிரித்துக்கொண்டே பாடுவார்கள். சிரிக்கிற விஷயமா என்று எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்குள் இருந்தபடியே தெருவில் ஆடும் பிள்ளை மீது ஒரு கண் வைத்திருக்க முடிந்த காலம் அந்த உயரத்தில்தான் முடிந்தது.

2009-ல் பிரிஸ்டலில் சில பெற்றோர் தங்கள் தெருவைச் சில மணி நேரம் மட்டும் கார்களுக்கு மூடிப் பார்த்தார்கள். பிள்ளைகள் சாக்கட்டியோடு இறங்கினார்கள். மாநகராட்சி 2011-ல் இதற்கு முறையான ஏற்பாடு செய்தது. பிறகு லண்டனின் ஹாக்னி உட்படப் பல ஊர்களுக்கு இது பரவியது. பழைய ஆட்கள் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார்கள்: முன்கூட்டியே விண்ணப்பம் போடவேண்டும், அக்கம்பக்கத்து வீடுகளுக்குத் தகவல் கொடுக்கவேண்டும், தெருவின் இரு முனையிலும் பளிச்சென்ற மஞ்சள் மேலங்கி மாட்டிய பெற்றோர் காவல் நிற்கவேண்டும். அந்தத் தெருக்காரர் யாராவது கடைக்குப் போய்த் திரும்பினால், காரை நடைவேகத்தில் வீடு வரை கூட்டிப்போவதும் அவர்கள் வேலைதான்.