மாலுமியின் தூக்கமும் வணிகரின் சரக்கும்

கடலில் வரும் சரக்குக்குப் புயலும் தீயும்தான் ஆபத்து என்று நம்மில் பலர் நினைக்கின்றோம். மாலுமியின் தூக்கமின்மையும் ஓர் ஆபத்தே.

2010 ஏப்ரல் 3ஆம் திகதி அவுஸ்திரேலியாவின் கிளாட்ஸ்டன் துறைமுகத்திலிருந்து சுமார் 68,000 தொன் நிலக்கரியுடன் சீனா நோக்கிப் புறப்பட்ட 'ஷென் நெங் 1' கப்பல், அன்று மாலையே பெருந்தடுப்புப் பவளப்பாறைப் பகுதியில் தரைதட்டியது. அவ்வேளை கடமையிலிருந்த பிரதம அதிகாரி துறைமுகத்தில் சரக்கேற்றும் பணியை மேற்பார்வை செய்தவர். முந்திய 38½ மணித்தியாலத்தில் அவர் உறங்கியது இரண்டரை மணித்தியாலம் மட்டுமே. கப்பல் திரும்ப வேண்டிய இடத்தில் திருப்பப்படவில்லை.

2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் சமவாயம் 2013 முதல் நடைமுறையிலுள்ளது. அதன் ஓய்வு நேர அளவின்படி, மாலுமிக்கு 24 மணித்தியாலத்தில் குறைந்தது 10 மணித்தியாலமும், ஏழு நாட்களில் 77 மணித்தியாலமும் ஓய்வு வேண்டும். துறைமுக வேலை நெருக்கடியில்தான் இந்த ஓய்வு எளிதில் பறிபோகின்றது.

இதில் வணிகருக்கு என்ன? விபத்தின்போது கப்பலையும் சரக்கையும் காப்பாற்ற ஏற்படும் விசேட செலவை, 'ஜெனரல் எவரேஜ்' முறையில் சரக்குரிமையாளர்களும் பகிர நேரிடும். பொருள் சேதமின்றி வந்தாலும் இது பொருந்தும். காப்புறுதி இல்லாதவர் பொருளை விடுவிக்க முன் பணம் வைப்புச் செய்ய வேண்டிவரும். ஆகவே, அடுத்த முறை சரக்கு தருவிக்க முன், உங்கள் காப்புறுதியில் இது அடங்குகின்றதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.