திமிங்கிலம் காணப் புறப்படுவோம்

“அப்பா, எங்கடை கடலிலை திமிங்கிலம் இல்லையோ?” என்று கேட்டாள் என் மகள். அவள் கையிலிருந்த புத்தகத்தில் நீலத் திமிங்கிலத்தின் படம் இருந்தது. கடல் சூழ்ந்த குடாநாட்டிற் பிறந்து, கல்லூரியிற் பாடஞ் சொல்லும் எனக்கு உடனே விடை கூற இயலவில்லை.

நூல்களைப் புரட்டியபின் காரணம் விளங்கிற்று. நம் வடகரையைத் தழுவும் பாக்கு நீரிணை ஆழங்குறைந்தது. பல இடங்களில் 15 மீற்றர்கூட இராது. 30 மீற்றர் வரை வளரும் உயிருக்கு அது எவ்வாறு போதும்? திருகோணமலையிலோ, கடலடியிலுள்ள பெரும் பள்ளத்தாக்கு துறைமுகத்தின் வாயிலை அண்டி வருகின்றது. ஆதலின் ஆழ்கடற் பிராணிகளைக் கரைக்கு அண்மையிலேயே காணலாம். பங்குனி முதல் ஆவணி வரை அதற்கேற்ற காலம்.

சித்திரை விடுமுறைக்கு நான்கு நாட் பயணம் ஒன்று வகுத்தேன். முதல் நாள் நம் கரைக்கே உரியது. தொண்டைமானாற்றிலிருந்து கடலோரமாக வல்வெட்டித்துறை செல்லலாம். அங்கே கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்னும் பாய்க்கப்பல் 1938ஆம் ஆண்டில் அமெரிக்காவை அடைந்த வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். அப்பால் பருத்தித்துறை, வல்லிபுர ஆழ்வார் கோயில், மணற்காட்டின் மணற்குன்றுகள். இரண்டாம் நாள் ஆனையிறவு, வவுனியா வழியாக 200 கிலோமீற்றருக்கு மேற்பட்ட ஓட்டம். மூன்றாம் நாள் விடியலிற் படகு. மாலையிற் கோணேசர் தரிசனம். நான்காம் நாள் கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளைக் கண்டு வீடு திரும்புதல்.

மணற்காடு என்றதும் என் மனைவி பேச்சை நிறுத்திவிட்டாள். 2004 மார்கழி 26ஆம் நாள் அக்கரையிலேதான் ஆழிப்பேரலை அவளுடைய தமையனைக் கொண்டுசென்றது. அன்று முதல் அவள் கடலிற் கால் நனைத்ததில்லை. நான் தாளை மடித்து வைத்துவிட்டேன்.

இரண்டு நாட்களின் பின் அவளே சொன்னாள்: “பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கோ. நான் கோணேசர் மலையிலை நிண்டு பார்க்கிறன்.”

செல்ல விரும்புவோர்க்குச் சில சொற்கள். அனுமதி பெற்ற படகையே அமர்த்துங்கள். திமிங்கிலத்துக்கு 100 மீற்றருக்குள் நெருங்கலாகாது என்பது 2012ஆம் ஆண்டின் விதி. மூச்சு விட மேலே வரும் உயிரைத் துரத்தினால் அது மூச்சை முடிக்காமலே மூழ்கும். படகோட்டி அவசரப்பட்டாலும் நாம் தடுக்கவேண்டும். ஒன்றும் தோன்றாமற் போனால் அவரை நோவது முறையன்று. கடல் நமக்குக் கடன்பட்டதில்லை.

நேற்றிரவு பெட்டி அடுக்கும்போது அவள் மெல்லக் கேட்டாள்: “படகிலை உயிர்காப்பு அங்கி மூண்டு பேருக்கும் இருக்குமோ?”

நாங்கள் வீட்டில் மூவரே. மடித்த தாளை மீண்டும் விரித்தேன்.