கல்லுப்பின் கோணல்

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் கல்லுப்பு வாங்கினால், ஒரு கல்லை உள்ளங்கையில் வைத்து உற்றுப் பாருங்கள். எவ்வளவு உடைந்திருந்தாலும் கனசதுரத்தின் ஒரு மூலையாவது தென்படும். சோடியமும் குளோரினும் மாறி மாறி அடுக்கிய அடுக்கு அது. அந்த அணுக்கள் ஒரு கணமும் சும்மா இருப்பதில்லை. அவற்றின் அதிர்வுதான் உப்பின் சூடு.

அணுக்களுக்கு இடையே ஸ்பிரிங் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இழுத்தாலும் அமுக்கினாலும் ஒரே மாதிரி எதிர்க்கும் ஸ்பிரிங் என்றால், எவ்வளவு காய்ச்சினாலும் உப்பு விரியாது. உண்மையான ஸ்பிரிங் கோணலானது: நெருக்கினால் முரண்டு பிடிக்கும், விலக்கினால் இளகிக் கொடுக்கும். ஆட்டம் கூடக்கூட அணுக்கள் சற்றே விலகிப் போகின்றன. 10 செ.மீ. உப்புப் படிகத்தை 100 டிகிரி சூடேற்றினால் ஏறக்குறைய 0.4 மி.மீ. நீளும். இரும்பு இதில் மூன்றில் ஒரு பங்குகூட நீளாது.

சி.வி.ராமனின் மாணவர் ஆர்.எஸ்.கிருஷ்ணன், 1940-களில் பெங்களூரில் பாதரச விளக்கின் புற ஊதா ஒளியைப் பாய்ச்சி உப்பின் அதிர்வுகளை நிறமாலையாகப் படம்பிடித்தவர். பின்னாளில் இதே திருவனந்தபுரத்தில் கேரளப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் இருந்தார். ஆர்.சீனிவாசன், எஸ்.தேவநாராயணன் இருவரோடும் சேர்ந்து அவர் எழுதிய, படிகங்களின் வெப்ப விரிவு பற்றிய நூல் 1979-இல் வந்தது. படிகம் விரிவதை ஒரு முழு நூலுக்குரிய விஷயமாக மதித்த அந்த மனம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

கோணல் இன்னொரு வேலையும் செய்யும். 1950-களில் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஃபெர்மி, பாஸ்தா, உலாம் என்ற விஞ்ஞானிகள் மூவரும், நிரல் எழுதிய மேரி சிங்கோவும், கோணல் ஸ்பிரிங்குகளின் சங்கிலி ஒன்றைக் கணினியில் ஆட்டிப் பார்த்தார்கள். எல்லா அதிர்வுகளுக்கும் ஆற்றல் பரவிவிடும் என்று எதிர்பார்த்தார்கள். ஆனால் ஆற்றல் கொஞ்ச தூரம் போய், ஏறக்குறைய தொடங்கிய இடத்துக்கே திரும்பியது!

1988-இல் சீவர்ஸ், டக்கேனோ என்ற இரு இயற்பியலாளர்கள் அதைவிட விசித்திரமான ஒன்றைச் சொன்னார்கள். குறையே இல்லாத படிகத்திலும் சில அணுக்கள் மட்டும் பலமாக ஆடி, ஆற்றலைத் தம்மிடமே வைத்துக்கொள்ள முடியும். ஊஞ்சலை அதன் தாளத்தில் தள்ளினால்தானே அது ஏறும்? கோணல் ஸ்பிரிங்கில் ஆட்டம் பெரிதானால் தாளமே மாறிவிடும். அக்கம்பக்கத்து அணுக்களால் அந்தத் தாளத்தை ஏற்க முடியாது. ஆற்றல் வெளியே போக வழியில்லாமல் அங்கேயே நிற்கும்.

2009-இல் சோடியம் அயோடைடை ஏறக்குறைய 280 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி, நியூட்ரான்களைக் கொண்டு அப்படிப்பட்ட துடிப்பைக் கண்டதாக ஒரு குழு அறிவித்தது. வேறொரு குழு அதே உப்பை அளந்து, அப்படி எதுவும் தெரியவில்லை என்றது. சோடியம் அயோடைடு நம் கல்லுப்பின் பங்காளி, அடுக்கும் அதேதான். ஆனால் அயோடின் அணு சோடியத்தைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் கனமானது. அதனால் அந்த உப்பின் தாளங்களுக்கு நடுவே ஒரு காலி இடம் விழுகிறது. தனித்த துடிப்பு ஒளிய அந்த இடம் வேண்டும். சாலையில் வாங்கிய கல்லில் சோடியமும் குளோரினும் அவ்வளவு எடை வித்தியாசம் இல்லாதவை. அதில் அந்த இடைவெளி இல்லை.