அனைத்துக் குழந்தைகளுக்கும் அரசு முன்பருவக் கல்வி: செலவு எவ்வளவு? கணக்கிடுவது எப்படி?

புது தில்லி: நாட்டில் உள்ள அனைத்துக் குழந்தைகளுக்கும் 2030-ஆம் ஆண்டுக்குள் தரமான முன்பருவக் கல்வி கிடைக்க வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை இலக்கு நிர்ணயித்துள்ளது. இதற்கு அரசு ஆண்டுதோறும் எவ்வளவு செலவிட வேண்டும் என்ற கேள்விக்கு ஒரே விடை இல்லை. எவையெல்லாம் கணக்கில் சேர்க்கப்படுகின்றன என்பதைப் பொறுத்து அந்தத் தொகை பல மடங்கு மாறுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகளுக்கே கல்வியை உரிமையாக்கியுள்ளது. 3 முதல் 6 வயதினருக்கு இலவச முன்பருவக் கல்வி அளிக்க அரசு ஏற்பாடு செய்யலாம் என்று மட்டுமே அச்சட்டத்தின் 11-ஆவது பிரிவு கூறுகிறது. அது கட்டாயம் அல்ல என்பதால், நிதி ஒதுக்கீடும் அரசுகளின் முடிவைப் பொறுத்ததாகவே உள்ளது.

பட்ஜெட் தொகை ஏன் போதிய அளவுகோல் அல்ல?

1975 அக்டோபர் 2-ஆம் தேதி தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தின் வழியே உருவான சுமார் 14 லட்சம் அங்கன்வாடி மையங்களே இன்று முன்பருவக் கல்வியின் அடித்தளம். இவை அடங்கிய 'சக்ஷம் அங்கன்வாடி மற்றும் போஷன் 2.0' திட்டத்துக்கு 2025-26 மத்திய பட்ஜெட்டில் ரூ.21,960 கோடி ஒதுக்கப்பட்டது. ஆனால் கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், கைக்குழந்தைகள் ஆகியோருக்கான ஊட்டச்சத்தும் இதில் அடக்கம். எடை பார்ப்பது, பதிவேடு பராமரிப்பது, பாடம் சொல்லித் தருவது அனைத்தையும் ஒரே பணியாளர் செய்வதால், கல்விக்கான பங்கைத் தனியே பிரிப்பது எளிதல்ல. மாநில அரசுகளின் பங்கையும் சேர்த்தால்தான் முழுத் தொகை தெரியும்.

ஊதியமே தீர்மானிக்கிறது

2018-ஆம் ஆண்டு உயர்வின்படி, அங்கன்வாடிப் பணியாளரின் மாத மதிப்பூதியம் ரூ.4,500. பல மாநிலங்கள் கூடுதல் தொகை வழங்குகின்றன. 20 குழந்தைகளுக்கு ஒருவர் எனக் கொண்டால், ரூ.4,500 மதிப்பூதியத்தில் ஒரு குழந்தைக்கான ஆண்டுச் செலவு ரூ.2,700. அதே பணிக்கு மாதம் ரூ.25,000 ஊதியம் வழங்குவதாகக் கொண்டால், அது ரூ.15,000 ஆகிறது. ஒரு கோடி குழந்தைகளுக்கு முதல் கணக்கில் ரூ.2,700 கோடியும், இரண்டாவது கணக்கில் ரூ.15,000 கோடியும் தேவை. அங்கன்வாடிப் பணியாளர்களுக்குப் பணிக்கொடை பெறும் உரிமை உண்டு என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பும் இந்தக் கணக்கில் சேர வேண்டியது.

விடுபடும் செலவுகள்

கட்டடம், கழிப்பறை, குடிநீர், விளையாட்டுப் பொருள்கள், பயிற்சி, மேற்பார்வை, உணவு ஆகியவையும் உண்டு. கட்டடச் செலவை ஒரே ஆண்டில் சேர்க்காமல், அது பயன்படும் ஆண்டுகளுக்குப் பகிர்ந்து கணக்கிட வேண்டும். மையம் அரை நாள் இயங்குகிறதா, வேலைக்குச் செல்லும் தாய்மார்களுக்கு உதவும் வகையில் முழு நாள் இயங்குகிறதா என்பதும் தொகையை மாற்றும். குழந்தைகளின் எண்ணிக்கைக்கோ 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பையும் அதன் அடிப்படையிலான கணிப்புகளையுமே சார்ந்திருக்க வேண்டியுள்ளது.

எனவே, மதிப்பீடு குறைவாக இருப்பதாலேயே செலவு குறைந்துவிடுவதில்லை. அரசு ஏற்காத பகுதி, பணியாளரின் குறைந்த ஊதியமாகவோ, தனியார் மழலையர் பள்ளிக்குப் பெற்றோர் செலுத்தும் கட்டணமாகவோ வேறொருவர் மீது விழுகிறது.