மருந்தாளர் வாய் திறந்த காலம்

ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சனில் நிலக்கரிச் சுரங்கங்கள் ஓடிக்கொண்டிருந்த நாட்களில் மருந்துக் கடையின் வேலை சுருக்கமானது. டொக்டர் எழுதிய துண்டை நீட்டினால் குளிசைப் பெட்டி வரும். எழுதியதைப் பற்றி டொக்டரோடு பேசுவது எப்படி என்று மருந்தாளருக்கு யாரும் படிப்பிக்கவில்லை.

இந்த விலகலுக்கு வயது அதிகம். வைத்தியரும் மருந்து விற்பவரும் கூட்டு வைக்கக் கூடாது என்று 13ஆம் நூற்றாண்டிலேயே பேரரசர் இரண்டாம் பிரெடெரிக் சட்டம் போட்டார். நோக்கம் நல்லதுதான். எழுதுகிறவரே விற்றால் தேவையில்லாத மருந்தும் நோயாளியின் தலையில் விழும். ஆனால் வியாபாரத்தைப் பிரித்த கோடு பேச்சையும் பிரித்துவிட்டது. மருந்தியல் மாணவர் வேதியியல் ஆய்வுகூடத்தில் வளர்ந்தார், மருத்துவ மாணவர் ஆஸ்பத்திரியில் வளர்ந்தார். நோயாளியை நடுவில் வைத்துப் பார்க்கும் சிகிச்சைசார் மருந்தியல், ஜெர்மனியில் மருந்தாளர் படிப்பின் தேர்வுப் பாடமானது 2001இல்தான்.

அதன் தேவை இன்று எங்கள் வீடுகளிலேயே தெரிகிறது. 1980களில் இங்கே வந்த நம் தமிழர்கள் பேரப்பிள்ளை கண்டுவிட்டார்கள். சீனி வருத்தம், பிறசர், கொழுப்பு என்று குளிசைகள் கூடிவிட்டன. குடும்ப டொக்டர் ஒன்று எழுதுகிறார், இருதய டொக்டர் இன்னொன்று. 2007 முதல் காப்புறுதி நிறுவனம் ஒப்பந்தம் செய்த கம்பனியின் மருந்தையே கடை கொடுக்க வேண்டும் என்பதால், அதே மருந்து வேறு பெயரில், வேறு நிறத்தில் வந்துவிடுகிறது. "வெள்ளைக் குளிசை, மஞ்சள் குளிசை" என்று நினைவு வைத்திருக்கும் அம்மா பழைய பெட்டியிலும் புதிய பெட்டியிலும் ஒவ்வொன்று போட்டால், ஒரே மருந்து இருமடங்காகிறது. முழங்கால் வலிக்குத் துண்டில்லாமல் வாங்கிய ஐபுப்ரோஃபென், பிறசர்க் குளிசையோடும் நீர்போகும் குளிசையோடும் சேர்ந்தால் சிறுநீரகத்தைக் கெடுக்கலாம். டொக்டருக்கு அது தெரிய வழியில்லை. விற்றவருக்குத் தெரியும்.

2016 அக்டோபரில் வந்த மருந்துத் திட்டத் தாள் இந்த இடைவெளிக்காகவே வந்தது. தொடர்ந்து குறைந்தது மூன்று மருந்து எடுப்பவர் அதை டொக்டரிடம் கேட்டு வாங்கலாம். மருந்தின் மூலப்பொருள், கம்பனிப் பெயர், காலை, மதியம், மாலை, இரவு, எதற்காக என்பதெல்லாம் வரிசையாக இருக்கும். நோயாளி கேட்டால் மருந்துக் கடையும் அதைத் திருத்தித் தர வேண்டும். நாடு முழுவதற்கும் ஒரே வடிவத்தில், இரு தொழிலாரும் எழுதும் தாள் அது. 2022 முதல் குறைந்தது ஐந்து மருந்துகள் எடுப்பவரின் குளிசைகளை ஒட்டுமொத்தமாகப் பார்த்து ஆலோசனை சொல்ல மருந்தாளருக்குக் காப்புறுதி பணமும் கொடுக்கிறது.

தாள் வந்துவிட்டது, வகுப்பறைதான் பின்தங்கி நிற்கிறது. ஹைடல்பெர்க்கில் 2017இல் தொடங்கிய பயிற்சி வார்டில் மருத்துவ மாணவரும் தாதியர் பயிற்சியாளரும் சேர்ந்து நோயாளிகளைப் பார்த்தார்கள். மருந்தியல் மாணவருக்கும் அப்படியொரு இடம் வேண்டும். யாழ்ப்பாணத்தில் மருந்தியல் பட்டப்படிப்பு மருத்துவ பீடத்தின் கீழேயே தாதியியலோடு தொடங்கியது என்பதை இங்கே நினைக்கத் தோன்றுகிறது.

கெல்சென்கிர்ச்சனில் மருந்தியல் பீடம் இல்லை. பக்கத்தில் டுசல்டோர்ஃபும் முன்ஸ்டரும் இருக்கின்றன. நான்கு வருடப் படிப்பு முடித்தவர் பன்னிரண்டு மாதம் செயல்முறைப் பயிற்சி செய்ய வேண்டும், அதில் குறைந்தது ஆறு மாதம் மருந்துக் கடையில். டொக்டருக்குப் போன் எடுத்து, "இந்த இரண்டு மருந்தும் ஒத்துப்போகாது, இதற்குப் பதில் இதை எழுதலாமா?" என்று கேட்க அவர் அங்கேதான் பழகுகிறார். கேள்வி குற்றம் சொல்வதாகவும் இருக்கக் கூடாது, பயந்து விழுங்குவதாகவும் இருக்கக் கூடாது. மறுமுனையில் இருப்பவரும் அந்தக் கேள்வியை எதிர்பார்க்கப் பழகியிருக்க வேண்டும். டுசல்டோர்ஃபிலும் முன்ஸ்டரிலும் மருத்துவமும் மருந்தியலும் ஒரே பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. ஒரு நோயாளியின் மருந்துத் தாளை இரு பக்க மாணவரும் ஒரே மேசையில் வைத்துத் திருத்தும் பாடம் அங்கே கட்டாயமாக வேண்டும், அதற்குப் புள்ளியும் வேண்டும்.